எண்ணெய்ப் பனைத் தோட்டச் செய்தி ஊருக்குள் எப்படிப் பரவ வேண்டும்: சிறு விவசாயிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நெல் போடுகிறவர் பக்கத்து வயலைப் பார்த்தே பாதித் தொழிலைக் கற்றுக்கொள்வார். நடவின்போது கேட்ட கேள்விக்கு நான்கு மாதத்தில் களத்துமேட்டிலேயே விடை கிடைத்துவிடும். பாமாயில் தரும் எண்ணெய்ப் பனையில் அப்படி நடக்காது. ஒரு மட்டையின் கக்கத்தில் வரப்போகும் பாளை ஆணா பெண்ணா என்று மரத்துக்குள் முடிவாவது, அந்தக் குலை வெட்டுக்கு வருவதற்குச் சுமார் 2 ஆண்டுக்கு முன்பே. பெண் பாளைதான் குலையாகும். பக்கத்துத் தோட்டத்தில் இன்று குலை குலையாகத் தொங்கினால், அதற்குக் காரணம் அவர் போன மாதம் போட்ட உரம் இல்லை. இரண்டு வருடம் முன்பு அவர் செய்த ஏதோ ஒன்று, அல்லது அன்று பெய்த மழை. அது என்னவென்று அவருக்கே மறந்திருக்கும்.

அதனால்தான் இந்தப் பயிரில் ஊர்ப்பேச்சுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்று சொல்கிறேன். கண்ணால் பார்த்துக் கற்க முடியாததை, யார் எதை எப்போது செய்தார்கள் என்று எழுதி வைத்து, பேசித்தான் கற்க முடியும். மரம் 25 ஆண்டு வரை பலன் கொடுக்கும். தொடக்கத்தில் செய்யும் ஒரு தவறு அத்தனை ஆண்டும் கூடவே வரும். பக்கத்து வீட்டுக்காரர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்கிற தவறுகள்தான் அவற்றில் பெரும்பாலானவை.

படி 1: இப்போது செய்தி எந்த வழியாக ஓடுகிறது என்று வரைந்து பாருங்கள்

புதிதாகக் குழு அமைப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். ஒரு பெரிய தாளில் ஊரில் எண்ணெய்ப் பனை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வட்டம் போடுங்கள். பிறகு வீடு வீடாகப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக மரத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்தபோது யாரிடம் கேட்டீர்கள்?" பெயர் சொன்னவுடன் அந்த வீட்டுக்கு ஒரு அம்புக்குறி. பொதுவாக "யாரிடம் கேட்பீர்கள்" என்று கேட்டால் மரியாதைக்காகப் பெரிய மனிதர் பெயரைச் சொல்வார்கள். கடைசியாக நடந்த ஒன்றைக் கேட்டால்தான் உண்மையான பெயர் வரும்.

அம்புகளைப் பார்த்தால் இரண்டு விஷயம் புரியும். இரண்டு மூன்று வட்டங்களில் அம்புகள் குவிந்திருக்கும். சில வட்டங்களுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரு அம்பு கூட இருக்காது. தனியாகத் தோட்டத்தைக் கவனிக்கும் பெண்கள், குத்தகைக்கு எடுத்தவர்கள், வெளியூரில் இருந்துகொண்டு ஆள் வைத்துப் பார்ப்பவர்கள், ஊரின் கடைசி மூலையில் இருப்பவர்கள் என்று அந்த ஒற்றை வட்டங்கள் பெரும்பாலும் இவர்களுடையதாகத்தான் இருக்கும். அவர்கள் பெயரைத் தனியாக எழுதி வையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு படியிலும் அந்தப் பட்டியல் தேவைப்படும்.

தோட்டம் இல்லாத சிலரையும் இந்தப் படத்தில் சேர்க்க வேண்டும். குலை வெட்டும் ஆட்கள், உதிரிப் பழம் பொறுக்குகிறவர்கள், குலை ஏற்றும் வண்டி ஓட்டுநர். ஊரில் எல்லாத் தோட்டத்துக்குள்ளும் போய் வருகிறவர்கள் இவர்கள் மட்டும்தான். எந்தத் தோட்டத்தில் குருத்து முறிந்திருக்கிறது, எங்கே காய்ப்புக் குறைந்திருக்கிறது என்பது தோட்டக்காரருக்கு முன்பே இவர்களுக்குத் தெரியும். ஆனால் யாரும் இவர்களிடம் கேட்பதில்லை.

படி 2: செய்தி சொல்பவரை ஊரே தேர்ந்தெடுக்கட்டும்

பதவியில் இருப்பவரிடமோ அதிக நிலம் உள்ளவரிடமோ சொன்னால் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, அருண் சந்திரசேகர், எஸ்தர் டுஃப்லோ, மேத்யூ ஜாக்சன் ஆகியோர் கர்நாடகக் கிராமங்களில் இதைச் சோதித்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். "ஊர் முழுக்க ஒரு சேதி போக வேண்டுமானால் யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று ஊர்மக்களிடமே கேட்டு, அவர்கள் காட்டிய ஆட்களிடம் சேதியைச் சொன்னார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னதை விட அது அதிகம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது. யார் வாயில் சேதி நிற்காமல் ஓடும் என்பது ஊருக்குத் தெரிந்தே இருக்கிறது. படி 1-இல் வீடு வீடாகப் போகும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

ஆனால் சேதி பரப்புவது வேறு, தொழில்முறையை நம்ப வைப்பது வேறு. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் பொருளாதார அறிஞர்கள் ஆரியல் பென்யிஷே, முஷ்ஃபிக் முபாரக் இருவரும் நடத்திய ஆய்வு இதைக் காட்டியது. தங்களைப் போலவே சிறிய நிலமும் அதே வசதியும் உள்ளவர் சொன்னபோதுதான் விவசாயிகள் புது முறையைக் கையில் எடுத்தார்கள். அப்படிச் சொல்பவருக்குச் சிறிதளவாவது ஊக்கம் கிடைத்தபோதுதான் அவரும் முனைந்து வேலை செய்தார். 2 ஏக்கர் வைத்திருப்பவரிடம் 50 ஏக்கர்காரரைக் காட்டி "இவரைப் போலச் செய்" என்றால், "அவரிடம் பணம் இருக்கிறது, செய்கிறார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆகவே சேதி சொல்ல ஒருவர், செய்து காட்ட மூன்று நான்கு சாதாரணத் தோட்டக்காரர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். செய்து காட்டுகிறவருக்கு அவர் செலவிடும் நாளுக்கு ஈடாக ஏதாவது கொடுங்கள். முறை வைத்து அவர் தோட்டத்தில் ஒருநாள் மட்டை வெட்டிக் கொடுத்தாலும் போதும். சும்மா உழைக்கச் சொன்னால் ஆறு மாதத்தில் சோர்ந்துவிடுவார்.

படி 3: எல்லோரும் ஒரே மாதிரி எழுதுங்கள்

இதுதான் மொத்த வேலைக்கும் முதுகெலும்பு. எழுத்து இல்லாமல் எண்ணெய்ப் பனையைப் பற்றிப் பேசினால், அவரவர் நினைவில் இருப்பதுதான் பேச்சாகும். நினைவு நல்ல விளைச்சலை மட்டுமே பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வரி: தேதி, குலை எண்ணிக்கை, மொத்த எடை, ஆலை திருப்பி அனுப்பிய குலைகள். உரத்துக்கு ஒரு வரி: தேதி, என்ன உரம், மரத்துக்கு எத்தனை கிலோ. மழைக்கணக்கை வீட்டுக்கு வீடு எழுத வேண்டியதில்லை. ஊருக்கு ஒருவர் மழைமானி வைத்து எழுதினால் எல்லோருக்கும் அது பயன்படும்.

ஒப்பிடும்போது ஏக்கர் கணக்கில் பேசாதீர்கள். மரக் கணக்கில் பேசுங்கள். 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நட்டால் ஹெக்டேருக்கு 143 மரம், ஏக்கருக்குச் சுமார் 58 வரும். ஆனால் செத்த மரம், சாலைக்கு விட்ட இடம், வரப்போர நடவு என்று ஒவ்வொரு தோட்டத்திலும் இந்தக் கணக்கு மாறும். மரத்தை எண்ணிவிட்டால் வாதம் இல்லை.

குலை எண்ணிக்கையையும் எடையையும் தனித்தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வெட்டில் 100 குலை, 1,500 கிலோ என்றால் குலைக்குச் சராசரி 15 கிலோ. அடுத்த வருடம் அதே மாதத்தில் 60 குலை, 900 கிலோ வந்தால் சராசரி அதே 15 கிலோதான். அப்படியானால் இன்றைய பராமரிப்பில் கோளாறு தேடுவதற்கு முன் பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். 2 ஆண்டுக்கு முன் வறட்சியோ உரக்குறைவோ வந்து ஆண் பாளைகள் அதிகமாகியிருக்கலாம், அல்லது அதற்குப் பின் வந்த ஒரு வறட்சியில் இளம் பாளைகள் வளராமல் கருகியிருக்கலாம். அதற்கு மாறாக, குலை எண்ணிக்கை குறையாமல் எடை மட்டும் குறைந்தால் மகரந்தச் சேர்க்கையைப் பாருங்கள். பூவில் சேர்க்கை நடந்ததிலிருந்து பழுக்க 5 முதல் 6 மாதம் ஆகும். எனவே ஆறு மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். பத்து வீட்டு நோட்டுகளை அருகருகே வைத்தால் இது இன்னும் தெளிவாகும். பத்துத் தோட்டத்திலும் குறைந்திருந்தால் மழை. ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் அந்தத் தோட்டத்து வேலை.

எழுதப் படிக்கத் தெரியாதவர் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். அதுவும் இல்லையென்றால் வண்டி ஓட்டுநர் எடைச்சீட்டைப் படம் எடுத்து ஊர் நோட்டுக்குக் கொடுக்கலாம்.

படி 4: நாற்று வாங்கும் முன் ஊர் பேச வேண்டும்

இந்த ஒரு செய்தி சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தால் மற்றதெல்லாம் தாமதமானாலும் பரவாயில்லை. அவ்வளவு முக்கியம் இது.

எண்ணெய்ப் பனையில் டூரா, பிசிஃபெரா, டெனெரா என்று மூன்று வகை. டூராவுக்குத் தடித்த ஓடு, சதை குறைவு. பிசிஃபெராவுக்கு ஓடே கிடையாது, ஆனால் பெரும்பாலும் குலை முற்றாமல் அழுகிவிடும். இரண்டையும் சேர்த்து உண்டாக்கிய டெனெராவைத்தான் நாம் நட வேண்டும். மெல்லிய ஓடு, நிறைய சதை, அதனால் நிறைய எண்ணெய். ஆனால் டெனெராத் தோட்டத்தில் உதிர்ந்து முளைத்த கன்றை எடுத்து நட்டால் என்ன ஆகும்? நான்கில் ஒன்று டூராவாகும், நான்கில் ஒன்று பிசிஃபெராவாகும், பாதிதான் டெனெராவாக வரும். கன்றைப் பார்த்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று நான்கு வருடம் கழித்து, குலையை வெட்டிப் பழத்தைப் பிளந்தால்தான் தெரியும். அதற்குள் தண்ணீர், உரம், காலம் எல்லாம் போயிருக்கும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது நாற்றோடு ஊருக்குள் வந்தால், சேதி அன்றே எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். எந்த நாற்றுப்பண்ணை, எந்த விதை, எந்தத் தேதி, எத்தனை கன்று, ரசீது உண்டா என்பதை ஊர் நோட்டில் ஒரு தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். காய்க்கத் தொடங்கியதும் ஒவ்வொரு மரத்திலும் ஒரு பழத்தைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். மெல்லிய ஓட்டைச் சுற்றிச் சதையில் கரும்புள்ளிகள் வளையமாகத் தெரிந்தால் டெனெரா. தடித்த ஓடு, வளையம் இல்லை என்றால் டூரா. எந்தப் பண்ணையின் கன்றில் எத்தனை மரம் தவறிப்போனது என்ற எண்ணிக்கை அந்தப் பக்கத்தில் ஏறட்டும். அடுத்து நடப்போகிறவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டல் வேறு இல்லை. அவ்வளவு நஷ்டப்பட்டவர் வெட்கப்பட்டு மறைக்காமல் சொல்வதற்கு ஊர் அவரை மதிக்க வேண்டும். "ஏமாந்துவிட்டாயே" என்று ஒருவர் சிரித்துவிட்டால் அடுத்தவர் வாயைத் திறக்க மாட்டார்.

படி 5: கூட்டத்தைத் தோட்டத்துக்குள் நடத்துங்கள்

மண்டபத்தில் நாற்காலி போட்டால் பேசத் தெரிந்தவர்தான் பேசுவார். தோட்டத்தில் மரமே பேசும். இந்தோனேசியாவில் 1989-இல் நெல் விவசாயிகளுக்காகத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகள் இந்த முறையில்தான் நடந்தன. சிறு குழுவாக வயலுக்குள் இறங்கி, தாங்களே பார்த்து, எழுதி, விவாதித்து முடிவெடுப்பது. எண்ணெய்ப் பனைக்கும் அது பொருந்தும், ஒரு மாற்றத்தோடு: பருவ முடிவில் விடை கிடைக்காது என்பதால் வருடக்கணக்கில் தொடர வேண்டும்.

மாதம் ஒரு தோட்டம், 10 முதல் 15 பேர், ஒன்றரை மணி நேரம், ஒரே ஒரு விஷயம். தோட்டக்காரர் முதலில் தன்னுடைய மோசமான மரத்தைக் காட்டட்டும். நல்ல மரத்திலிருந்து தொடங்கினால் அது கண்காட்சியாகிவிடும்.

என்னென்ன பார்க்கலாம்? இலையில் தெரியும் குறைகள் ஒரு நாளைக்கு. பழைய மட்டைகள் பளிச்சென்று ஆரஞ்சு நிறமாக மாறி, நிழல் விழுந்த பகுதி மட்டும் பச்சையாகவே இருந்தால் மெக்னீசியம் போதவில்லை. ஆரஞ்சுப் புள்ளிகள் கூடிக்கொண்டே போனால் பொட்டாஷ். இளம் இலையின் நுனி கொக்கி போல மடிந்தால் போரான். ஒருமுறை நேரில் காட்டிவிட்டால் யாருக்கும் மறக்காது. இன்னொரு நாள் இலைப் பரிசோதனைக்கு 17-ஆவது மட்டையை அடையாளம் காண்பது. முழுதாக விரிந்த முதல் மட்டையை 1 என்று எடுத்துக்கொண்டால், சுருளில் அதற்குக் கீழே வருவது 9, அதற்கும் கீழே 17. மண் ஒரே மாதிரி இருக்கும் நான்கைந்து தோட்டங்கள் சேர்ந்து பரிசோதனைக்கு அனுப்பிச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

பழுத்த குலை எது என்பதை ஒரு நாள் முழுக்கப் பேசுங்கள். பச்சைக் குலையில் எண்ணெய் குறைவு. அதிகம் பழுத்தால் பழம் உதிர்ந்து வீணாகும், அமிலமும் ஏறும். மலேசியாவின் தரம்பிரிப்பு விதியில், குறைந்தது 10 பழம் உதிர்ந்த தடம் தெரிந்தால் பழுத்த குலை என்று கணக்கு. உங்கள் ஆலை எதை ஏற்கிறது என்று கேட்டு, வெட்டும் ஆட்களையும் கூட வைத்துக்கொண்டு, ஊருக்கு ஒரே எண் முடிவு செய்யுங்கள். வெட்டுகிறவருக்குத் தெரியாத விதியால் பயன் இல்லை.

படி 6: அன்றன்றைய சேதிக்கு கைபேசி, ஆழமான பேச்சுக்கு அல்ல

குலை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். அதனால் வண்டி வரவில்லை, ஆலை இன்று எடுக்கவில்லை, பாலத்தில் தண்ணீர் போகிறது என்பதெல்லாம் வெட்டத் தொடங்கும் முன்பே தெரிய வேண்டும். இதற்கு வாட்ஸ்அப் குழுவைவிட வேகமானது இல்லை. ஆனால் வாழ்த்துப் படங்களும் அரசியலும் அதே குழுவில் வந்தால், முக்கியமான சேதி வரும் நாளில் யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். வண்டி, ஆலை, வானிலை, பூச்சி எச்சரிக்கை மட்டும் வரும் குழுவைத் தனியாக வையுங்கள். மற்றவை வேறொரு குழுவில் ஓடட்டும்.

படம் அனுப்புகிறவர் மூன்று படம் அனுப்பட்டும்: முழு மரம், பாதித்த மட்டை, மிக அருகில் ஒன்று. கூடவே மரத்தின் வயது, எத்தனை மரத்தில் இருக்கிறது, எப்போது பார்த்தது. இந்த மூன்றும் இல்லாமல் "இது என்ன நோய்?" என்று கேட்டால் பத்துப் பேர் பத்து மருந்து சொல்வார்கள். பதில் சொல்கிறவரும் "நான் என் தோட்டத்தில் செய்து பார்த்தேன்" என்பதா, "கேள்விப்பட்டேன்" என்பதா என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். குழுவில் இது பழக்கமாகிவிட்டால் பாதி வதந்தி தானாக நின்றுவிடும்.

படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல்பதிவு. கைபேசி இல்லாதவர்களுக்கு, படி 1-இல் எழுதி வைத்த ஒற்றை வட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஒரு பக்கத்து வீடு.

படி 7: மறைத்தால் எல்லோரையும் பாதிக்கும் செய்திகள்

காண்டாமிருக வண்டு மக்கிய மரத்தண்டிலும் எருக்குழியிலும் முட்டையிடும். ஒருவர் தோட்டத்தில் அழுகும் பழைய மரம் பத்துத் தோட்டத்துக் குருத்தைத் தின்னும் வண்டுக்கு வீடாக இருக்கும். எனவே குருத்தில் ஓட்டை, முக்கோணமாக வெட்டுப்பட்ட மட்டை என்று எங்கே பார்த்தாலும் அன்றே சொல்ல வேண்டும். வண்டை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை எங்கெங்கே வைப்பது என்பதைக் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். அடித்தண்டு அழுகல் காட்டும் மரத்தையும் அப்படியே. மரத்தின் அடியில் காளான் தட்டு தெரிந்தால் அந்த இடத்தை ஊர் வரைபடத்தில் குறித்து வையுங்கள். மறுநடவு வரும்போது அந்தக் குறி அவசியமாகும்.

மருந்து அடிப்பதற்கு முன் சேதி சொல்வது இன்னும் முக்கியம். எண்ணெய்ப் பனையின் மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் ஒரு சிறிய கூன்வண்டை நம்பியிருக்கிறது. 1981-இல் ஆப்பிரிக்காவிலிருந்து மலேசியாவுக்கு அதைக் கொண்டுபோய் விட்ட பிறகு அங்கே கையால் மகரந்தம் தூவும் வேலையே தேவைப்படாமல் போனது. அந்த வண்டு வரப்பு பார்ப்பதில்லை. ஒருவர் ஆண் பூ விரிந்திருக்கும்போது பூச்சிமருந்து அடித்தால், ஆறு மாதம் கழித்துப் பக்கத்துத் தோட்டத்தில் குலை பொக்காக வரலாம். ஏனென்று அவருக்குத் தெரியவே தெரியாது. அடிக்கப்போகும் நாளையும் மருந்தின் பெயரையும் இரண்டு நாள் முன்னதாகச் சொல்வதை ஊர்வழக்கமாக்கிவிடுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றும் உண்டு. உயர்ந்த மரத்தில் குலை வெட்டும் அலுமினியக் கம்பம் மின்கம்பியில் பட்டால் ஆள் பிழைப்பது அரிது. மின்கம்பிக்கு அருகில் உள்ள மரங்களுக்கு நிறம் பூசி, எந்தத் தோட்டத்தில் எந்த வரிசை என்று வெட்டும் ஆட்கள் எல்லோருக்கும் நேரில் காட்டுங்கள். புதிதாக ஆள் வரும் ஒவ்வொரு முறையும் காட்டுங்கள்.

படி 8: எடைச்சீட்டுகளை ஒன்றாகப் பாருங்கள்

ஒருவர் கையில் உள்ள சீட்டு வெறும் காகிதம். இருபது பேர் சீட்டை ஒரே நாளில் ஒன்றாக வைத்தால் எந்த வண்டியில் எடை குறைகிறது, எந்த நாளில் எடையில் அதிகம் கழிக்கிறார்கள், யாருடைய குலை ஏன் திரும்பியது என்பது தெரியும். பெயரை மறைத்துவிட்டு எண்களை மட்டும் பார்க்கலாம். அடுத்தவர் வருமானம் தெரிய வேண்டியதில்லை. ஆலையிடம் போய்ப் பேசும்போதும் கோபத்தோடு போவதைவிட மூன்று மாதத்துச் சீட்டுகளோடு போனால் பதில் கிடைக்கும்.

படி 9: ஊருக்கு வெளியே ஒரு கதவு திறந்திருக்கட்டும்

நெருங்கிய உறவுகளுக்குள் ஒரே சேதிதான் சுற்றிச் சுற்றி வரும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இலேயே இதை விளக்கினார்: புதிய தகவல் பெரும்பாலும் அதிகம் பழகாத அறிமுகங்கள் வழியாகத்தான் வருகிறது. நம் ஊரில் எல்லோரும் ஒரே தவறைச் செய்துகொண்டிருந்தால், ஊருக்குள் பேசியே அதைக் கண்டுபிடிக்க முடியாது. வருடத்தில் இரண்டு முறையாவது வேறு ஊர்த் தோட்டத்துக்குப் போங்கள். அவர்களுடைய நோட்டைக் கேட்டுப் பாருங்கள், உங்களுடையதைக் காட்டுங்கள். வேளாண் அலுவலரை அழைத்தால், அவர் பேசுவதற்கு முன் உங்கள் நோட்டையும் கேள்விகளையும் அவர் கையில் கொடுங்கள். பொதுப்பேச்சு குறைந்து உங்கள் தோட்டத்தைப் பற்றிய பேச்சு வரும்.

ஒரு வருடம் முடிந்ததும் படி 1-இன் தாளை மறுபடி எடுங்கள். அதே கேள்வியோடு மறுபடி வீடு வீடாகப் போங்கள். அம்பு இல்லாமல் இருந்த வட்டங்களில் எத்தனைக்கு இப்போது அம்பு வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். இன்னும் ஒற்றையாக இருக்கும் வீட்டில்தான் அடுத்த மாதத் தோட்டக் கூட்டம்.